ஒயரைப் பிடுங்காமல் பிடுங்கியது எப்படி

பேரன்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காள் கணவர் எழுதிக்கொள்வது. இங்கு நானும், தங்கள் அக்காவும், கிளினிக் கம்ப்யூட்டரும் சௌக்கியம். அங்கு தாங்களும் சௌக்கியமாகத்தான் இருக்க வேண்டும் என்பதை, செவ்வாய்க்கிழமை காலையில் நான் விடாமல் அடித்தும் தாங்கள் போனை எடுக்காததிலிருந்து ஊகித்துக்கொண்டேன். உடம்பு முடியாதவர்கள்தான் முதல் மணியிலேயே எடுப்பார்கள்.

பொருள்: தங்கள் அக்காவின் பல் கிளினிக்கில் யூ.எஸ்.பி. சாதனம் ஒன்று திடீரென மயங்கி விழுந்ததும், அதன் ஒயரைத் தொடாமலேயே அதற்கு அடியேன் உயிர் கொடுத்ததும், எனவே தாங்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வரத் தேவையில்லை என்பதும்.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்று தாங்கள் கேட்கலாம். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி அத்தான், சரி அத்தான், அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அது மேசை மேலேயே கிடந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேலும், பணியாளர் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எழுத்தில் இல்லாத எதையும் நடந்ததாக ஒப்புக்கொண்ட பழக்கம் எனக்குக் கிடையாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன முறை தாங்கள் வந்திருந்தபோது சமையலறையில் தங்கள் அக்காவிடம், "அத்தானை கிளினிக் வரவேற்பு மேசையில உட்கார வெச்சுக்கிட்டு கஷ்டம்க்கா, கம்ப்யூட்டர் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி இருக்கா, அனுப்பிவைக்கிறேன்" என்று ரகசியமாகச் சொன்னது கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. மிக்ஸி ஓடும்போது ரகசியம் பேசுகிறவன், மிக்ஸி நின்றதும் தானும் நிறுத்த வேண்டும். எனக்கு வருத்தமில்லை. கோபமும் இல்லை. அன்று இரண்டு தோசை குறைவாகச் சாப்பிட்டேன், அவ்வளவுதான். தாங்கள், தாங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது. இனிமேல் நீ.

விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு முதல் ஆளாக வந்தவர் தெருமுனையில் பாக்ஸிங் சொல்லிக்கொடுக்கிறாரே, அந்த கோச். ஆள் எப்படியென்றால், வாசலில் வந்து நின்றால் உள்ளே இருட்டிவிடும். அவர் சொல்லிக்கொடுத்த குத்துகளால் நம் கிளினிக்குக்கு வந்து சேர்ந்தவர்கள் பலபேர். அந்த வகையில் குடும்பத்துக்கு வேண்டப்பட்டவர். ஆனால் தன் பல் என்று வந்துவிட்டால் மட்டும் கோழிக்குஞ்சு. ஏற்கெனவே இரண்டு தடவை தப்பித்தவர். முதல் தடவை, "வண்டியை நிழல்ல நிறுத்திட்டு வந்துடுறேன்" என்று போனவர், அவர் வீட்டு நிழலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். இரண்டாவது தடவை நாற்காலி வரைக்கும் வந்தார், சாய்ந்தும் படுத்தார், உன் அக்கா கையுறை மாட்ட அந்தப் பக்கம் திரும்பினாள், இந்தப் பக்கம் திரும்புவதற்குள் கழுத்தில் கட்டின துண்டோடு தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சத்தமில்லாமல் ஓடுவதை நான் பார்த்ததில்லை. இந்த முறை அவரை வலிதான் கழுத்தைப் பிடித்து இழுத்து வந்திருந்தது. வலது கன்னம் பந்து மாதிரி வீங்கி, அந்தப் பக்கத்துக் கண் பாதி மூடி, வாய் பாதிதான் திறந்தது.

உன் அக்கா பார்த்துவிட்டு வெளியே வந்து என் காதோடு சொன்னாள்: "வீக்கம் தாடைக்குக் கீழே இறங்க ஆரம்பிச்சிருக்குங்க. கழுத்துக்குப் போச்சுன்னா மூச்சே அடைக்கும். இன்னைக்கே சீழை எடுத்தாகணும். எந்தப் பல்லுன்னு படம் பார்க்காம நான் கை வைக்க மாட்டேன். இந்தத் தடவையும் எழுந்து போனார்னா, அடுத்த தடவை ஆம்புலன்ஸ்லதான் போவார்." சாதாரணமாகப் பதறாதவள். அவள் குரல் இறங்கினால் விஷயம் பெரிதென்று அர்த்தம்.

நம் கிளினிக்கில் படம் எடுக்கிற முறை உனக்குத் தெரியும், இருந்தாலும் ஆவணத்துக்காக எழுதுகிறேன். தபால்தலை அளவுக்கு ஒரு கறுப்புத் தகடு. அதற்குப் பெயர் சென்சார். அதை நோயாளி வாய்க்குள் வைத்துக் கடிக்கச் சொல்வாள். தகட்டிலிருந்து ஒயர் புறப்பட்டு, தடுப்புச் சுவரிலுள்ள ஓட்டை வழியாக வந்து, என் மேசைக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டருக்குள் யூ.எஸ்.பி. ஓட்டையில் போய்ச் சேரும். அவள் உள்ளே பொத்தானை அமுக்கினால், வெளியே என் திரையில் பல் வரும். "வந்துச்சா?" என்பாள். "வந்துடுச்சு" என்பேன். அவள் பார்ப்பதற்காகத் திரையைத் தடுப்புச் சுவரின் கண்ணாடிப் பக்கம் திருப்புவேன். அன்றைக்கு அமுக்கினாள். "வந்துச்சா?" என்றாள். திரையில் பல் இல்லை. 'சென்சார் இணைக்கப்படவில்லை' என்று ஒரு சிவப்பு வரி இருந்தது. கோச் வாய்க்குள் சென்சார், சென்சாரோடு ஒயர், ஒயரோடு நான், எல்லாரும் இணைந்துதான் இருக்கிறோம், இது மட்டும் இல்லை என்கிறது!

உனக்குத்தான் முதலில் அடித்தேன். திரும்பத் திரும்ப அடித்தேன். கடைசியில் உன்னிடமிருந்து ஒரு செய்தி வந்தது: 'மீட்டிங்கில் இருக்கிறேன். பிடுங்கிச் சொருகவும்.' அடேயப்பா, என்ன ஒரு வைத்தியம்! காய்ச்சலா, கஷாயம், கம்ப்யூட்டரா, பிடுங்கிச் சொருகு. பிடுங்கியிருப்பேன் ஐயா, பிடுங்குவதற்கு எது கையில் இருந்தது? தரையைத் துடைக்கிறவர் துடைப்பத்தால் ஒயரை இழுத்துவிடுகிறார் என்று, உன் யோசனைப்படிதான் தச்சரைக் கூப்பிட்டு கம்ப்யூட்டர் பெட்டியைச் சுற்றி அலமாரி அடித்துப் பூட்டுப் போட்டோம். திரையும் கீபோர்டும் மவுஸும் வெளியே, மற்றதெல்லாம் உள்ளே. சாவி நர்ஸ் கைப்பையில். நர்ஸ் லீவு, அவர் அக்காவுக்குப் பிரசவம் என்று வெளியூரில். இன்னொரு சாவி எங்கே என்று கேட்பாய். இரண்டாவது சாவி தொலைந்துவிடக் கூடாதே என்று நான்தான் அதை அலமாரிக்கு உள்ளேயே ஆணி அடித்து மாட்டியிருந்தேன். இன்றுவரை தொலையவில்லை.

பூட்டை உடைக்கலாம் என்றால், சுத்தியல் சத்தம் கேட்ட மறுநிமிஷம் உள்ளே இருப்பவர் என்ன நினைப்பார்? தன் பல்லுக்குத்தான் ஆயுதம் தயாராகிறது என்று நினைப்பார். சரி, மொத்தமாக அணைத்துப் போடலாம் என்றால், அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியாக அணைத்துப் போட்டபோது 'புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், அணைக்க வேண்டாம்' என்று நீலமாக உட்கார்ந்ததுதான், நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு வந்து பார்த்தபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஆக, பிடுங்கவும் முடியாது, உடைக்கவும் முடியாது, அணைக்கவும் முடியாது. உள்ளேயிருந்து நாற்காலி கிறீச்சென்றது. அது கோச் காலைத் தரையில் வைக்கிற சத்தம். எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான், தம்பி, உன் அத்தான் யோசித்தான். பிடுங்கிச் சொருகினால் ஏன் சரியாகிறது? ஒயரை எடுத்தால் அந்தச் சாதனத்துக்கு வேலை போகிறது; சொருகினால் புதிதாக வேலையில் சேர்கிறது; சேரும்போது பழைய வம்பையெல்லாம் மறந்து, நல்ல பிள்ளையாக, "நான் இன்னார், இன்ன வேலை தெரியும்" என்று சொல்லிக்கொண்டு வருகிறது. இதற்கு ஆளை வாசலுக்கு வெளியே தள்ள வேண்டும் என்று என்ன கட்டாயம்? உட்கார்ந்த இடத்திலேயே சஸ்பெண்ட் செய்து, உட்கார்ந்த இடத்திலேயே திரும்ப வேலையில் சேர்த்தால் போதாதா? என் சர்வீஸில் எத்தனை பேரை அப்படிச் செய்திருக்கிறேன்! நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே ஆள் திருந்திவிடுவான். போன வருஷம் பிரிண்டர் மக்கர் செய்தபோது நீ ஏதோ ஒரு பட்டியலைத் திறந்து எதையோ நிறுத்தி மறுபடி ஓடவிட்டாய். உன் தோளுக்குப் பின்னால் நின்று நான் காபி ஆற்றிக்கொண்டிருந்ததாக நீ நினைத்தாய். நான் பாடம் படித்துக்கொண்டிருந்தேன்.

திரையின் மூலையில் மவுஸின் வலது பக்கத்தைத் தட்டி, டிவைஸ் மேனேஜர் என்ற சாதனப் பட்டியலைத் திறந்தேன். திறந்தால், அம்மாடி, ஒரு அலுவலகமே உள்ளே உட்கார்ந்திருக்கிறது! வரிசையாகப் பெயர்கள். அதில் யூ.எஸ்.பி. என்று ஒரு குடும்பம்; ஒரே பெயரில் நாலைந்து பேர். ஹப், இன்னொரு ஹப், ரூட் ஹப், அதற்கொரு தம்பி ரூட் ஹப். இதில் எவன் நம்ம ஆள்? சந்தேகம் வந்தால் மேலிருந்து ஆரம்பிப்பது நிர்வாக முறை. முதல் ஆளைத் தட்டி 'டிசேபிள்', அதாவது சஸ்பெண்ட், கொடுத்தேன். கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த மெல்லிசை பட்டென்று நின்றது. நோயாளிகள் பயப்படாமல் இருப்பதற்காக உன் அக்கா போட்டுவிட்டிருந்தாளே, அந்த ஸ்பீக்கர். கிளினிக்கே மயான அமைதி. "என்னங்க ஆச்சு?" என்றாள் உள்ளேயிருந்து. "ஒண்ணுமில்ல, நான் யோசிக்கிறதுக்கு இடைஞ்சலா இருந்துச்சு, நிறுத்தினேன்" என்றேன். நிர்வாகி பதறக் கூடாது.

அடுத்த ஆளை நிறுத்தினேன். மவுஸ் செத்துப்போச்சு. அம்பு திரை நடுவில் அப்படியே நிற்கிறது, இழுத்தாலும் நகரவில்லை, தட்டினாலும் நகரவில்லை. வேறு யாராயிருந்தாலும் அந்த இடத்தில் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். நான் கீபோர்டில் அம்புக்குறி விசைகள் இருப்பதைக் கண்டுபிடித்தேன். மேல் அம்பு, கீழ் அம்பு, என்டர். படி ஏறி இறங்குகிற மாதிரி ஒவ்வொருவனாக ஏறி இறங்கினேன். இவ்வளவும் செய்துகொண்டே உள்ளே இருப்பவரையும் கவனிக்க வேண்டாமா? "சார், எழுந்திரிக்காதீங்க சார், இதோ வந்துடுச்சு" என்றேன். அவர் "ஊம்" என்றார். வாயில் சென்சார், அதற்கு மேல் அவரால் பேச முடியாது. "நீங்க பெரிய பெரிய ஆளையெல்லாம் கீழே தள்ளுனவரு, இந்தப் பொட்டி என்னைக் கீழே தள்ளப் பார்க்குது சார், நான் விடுவேனா?" என்றேன். "ஊம் ஊம்" என்றார். பிறகு பொட்டியிடமும் நேரடியாகவே பேசினேன். "ஏண்டா, யூ.எஸ்.பி.ன்னு உனக்கு வெச்ச பேர்ல முதல் எழுத்தே யூனிவர்சல், எல்லாத்துக்கும் பொதுன்னு அர்த்தம், ஒரே ஒரு பல்லு காட்டச் சொன்னா காட்டத் தெரியலையே, நீ என்னடா யூனிவர்சல்? சம்பளம் வாங்குறியா, தண்டமா கரண்டு வாங்குறியா? எங்க ஆபீஸா இருந்தா உன்னைத் தண்ணியில்லாத கிளைக்கு மாத்தியிருப்பேன்!" இப்படி இன்னும் கொஞ்சம். சிலதை எழுத்தில் வைக்க முடியாது.

அப்போதுதான் பட்டியலின் அடியில் அவனைப் பார்த்தேன். 'அன்நோன் டிவைஸ்.' பெயர் தெரியாத ஆள். தலையில் மஞ்சள் முக்கோணம், அதற்குள் ஆச்சரியக்குறி. வாய்க்குள்ளே உட்கார்ந்துகொண்டு, யாரென்று கேட்டால் தெரியாது என்கிறவன் வேறு யாராக இருக்க முடியும்? நிறுத்தினேன். மனதுக்குள் ஒரு சின்ன இடைவெளி விட்டேன். திருந்துவதற்கு அவகாசம் தர வேண்டும். பிறகு 'எனேபிள்' கொடுத்து வேலையில் சேர்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சிவப்பு வரி அப்படியே. "வந்துச்சா?" என்றாள் உன் அக்கா. "வந்துக்கிட்டே இருக்கு" என்றேன். மறுபடி நிறுத்தினேன், மறுபடி எனேபிள். உள்ளே நாற்காலி ஒரு குலுங்கு குலுங்கியது. கோச் "ஹ்ஹூம், ஹ்ஹூம்" என்று ஏதோ விசித்திரமாக முனகினார். போச்சு, எழுந்துவிட்டார் என்றே நினைத்தேன். அந்த அவசரத்திலேயே என்டரை இன்னொரு தட்டு தட்டினேன். சிவப்பு வரி மறைந்து பச்சைப் பொட்டு வந்தது பார், தம்பி! அந்தப் பச்சையை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். "அமுக்கு!" என்று கத்தினேன். அமுக்கினாள். திரை முழுக்கப் பல். வேருக்கு அடியில் ஒரு கறுப்பு நிழல், நாவல்பழம் மாதிரி. உன் அக்கா கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டு ஒரு தலையசைப்பு அசைத்தாள். அந்தத் தலையசைப்புக்காக நான் இன்னும் பத்துப் பொட்டியோடு சண்டை போடுவேன்.

அதற்கப்புறம் அவள் வேலை. மரத்துப்போக ஊசி போட்டாள், சீழை எடுத்தாள், மருந்து வைத்தாள். கோச் வெளியே வந்தபோது முகத்தில் இரண்டு கண்ணும் தெரிய ஆரம்பித்திருந்தன. பாதி வாய் மரத்திருந்தது. மேசையைச் சுற்றி வந்து என்னை அப்படியே தூக்கிக் கட்டிப்பிடித்தார். என் விலா எலும்பு இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறது.

செய்தி பரவிவிட்டது. நான் யாரிடமும் பெருமை அடித்துக்கொள்ளவில்லை. கேட்டவர்களுக்கு மட்டும் சொன்னேன், கேட்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னேன். கீழே மருந்துக்கடைக்காரர் தன் பில் மெஷின் அடிக்கடி நின்றுபோவதாகவும், கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறார். ஒயரைத் தொடாமல் பார்த்துக்கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பிடுங்குவது எவனும் செய்வான். பிடுங்காமலே பிடுங்கினதாக அதை நம்பவைப்பதுதான் வித்தை.

ஆகவே, இதனால் சகலமானவர்களுக்கும், குறிப்பாக உனக்கும், நான் தெரிவிப்பது என்னவென்றால்: ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம். உன் வேலையைப் பார், மீட்டிங்குக்குப் போ. புதுக் கம்ப்யூட்டர் எதுவும் தேவையில்லை. மவுஸ் இன்னும் எழுந்திருக்கவில்லை. எனக்கு அது இல்லாமல் பழகிவிட்டது, இப்போது யோசித்தால் அது மேசையில் இடத்தைத்தான் அடைத்துக்கொண்டிருந்தது. மெல்லிசையும் திரும்பவில்லை, அதை யாரும் கேட்கவுமில்லை. அந்தக் கம்ப்யூட்டர் தெரிந்த பெண்ணுக்கு வேறு நல்ல இடத்தில் வேலை கிடைக்கட்டும். இங்கே காலியிடம் இல்லை.

எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் போனை எடுக்கிற நல்ல குணமும், எடுக்க முடியாதபோது இரண்டு வாக்கியத்துக்கு மேல் எழுதுகிற பொறுமையும் உனக்கு அமையட்டும். உன் மனைவிக்கும் குழந்தைக்கும் என் அன்பு. குழந்தையின் பால்பல் ஆடுகிறதாமே. அதை மட்டும் பிடுங்க வேண்டாம் என்று சொல், தானாக விழட்டும்.

இப்படிக்கு,
மேசையை விட்டு எழுந்திருக்காத உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. கவரை ஒட்டி தபால்ல போடச் சொல்லி அத்தான் என்கிட்ட குடுத்தார். ஒட்டுறதுக்கு முன்னாடி படிச்சேன். எல்லாம் அவர் எழுதின மாதிரியேதான் நடந்தது, பச்சைப் பொட்டு வந்த இடம் மட்டும் வேற. கோச் இன்னைக்கு மருந்து மாத்த வந்திருந்தார். இப்ப நல்லா வாய் திறக்குது. கதவைச் சாத்திட்டு, "டாக்டர், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன், சார்கிட்ட சொல்லிடாதீங்க"ன்னார். நாற்காலிக் கைப்பிடிக்குக் கீழே அந்த ஒயர்ல ஒரு இணைப்பு இருக்கு; ஒயர் நீளம் பத்தலைன்னு எப்பவோ ஒரு கடைக்காரர் போட்டுக் குடுத்தது, எனக்கே மறந்துபோச்சு. நான் வாசல்ல நின்னு "வந்துச்சா"ன்னு அத்தானைக் கேட்டுக்கிட்டிருந்த நேரத்துல, இவர் கை பட்டு அது கழன்று வந்துடுச்சாம். ஐயோ, மெஷினை உடைச்சுட்டோமேன்னு பயந்துபோய் அவரே அவசர அவசரமா திரும்பச் சொருகிட்டாராம். அதுக்கு அடுத்த நொடிதான் அத்தான் "அமுக்கு"ன்னு கத்தினது. நீ சொன்ன அதே வைத்தியம்தான் தம்பி. பிடுங்கிச் சொருகினது.

"கை எப்படிங்க அங்கே போச்சு?"ன்னு கேட்டேன். "சிரிப்பை அடக்க கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சேன் டாக்டர்"ங்கிறார். காலைக் கீழே வெச்சு ஓடத்தான் பார்த்தாராம். அப்ப வெளியே பாட்டு நின்னுச்சாம், அத்தான் பொட்டியைத் திட்டுறது கேட்டுச்சாம். அடுத்து என்ன சொல்லப்போறார்னு கேட்டுட்டுப் போகலாம்னு உட்கார்ந்தாராம். உட்கார்ந்தவர் உட்கார்ந்ததுதான்.

அதனால நீ ஞாயித்துக்கிழமை கட்டாயம் வா. மவுஸ் இல்லாம நான் தவிக்கிறேன், மருந்துக்கடைக்காரர் மெஷின் நேத்து சாயங்காலம் அத்தான் போய்ப் பார்த்துட்டு வந்ததுல இருந்து சுத்தமா எழுந்திரிக்கல, அவர் பாவம் வெளியே சொல்ல வெட்கப்படுறார். ஏதோ இந்தப் பக்கம் வேலையா வந்த மாதிரி வா. அந்தப் பொண்ணை மட்டும் அனுப்பாதே. கம்ப்யூட்டர் பார்க்க நீ இருக்கே. வெளியே அந்த மேசையில உட்கார்ந்து பேசிப் பேசி என் நோயாளியை ஓடவிடாம வெச்சுக்க எனக்கு வேற ஆள் கிடைக்காது. கோச் சொன்ன எதையும் அத்தான்கிட்ட மூச்சு விடாதே. சொன்னா, அந்த ஆளைச் சிரிக்க வெச்சு ஒயரை இழுக்க வெச்சதும் தன் ஏற்பாடுதான்னு இதைவிட நீளமா இன்னொரு கடிதம் எழுதுவார்.